உப்பு சரியா இருக்கு

சிவப்புச் சாஸில் ஒரு சொட்டை உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்தாள் சமையல்காரி. கண்ணை மூடி, ரசித்துத் தலையாட்டி, "உப்பு சரியா இருக்கு" என்றாள்.

பச்சைப் பொய். போன மாதம் வந்த காய்ச்சல், போகும்போது அவளுடைய மூக்கையும் நாக்கையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போய்விட்டது. இப்போது அவளுக்குத் தேனும் ஒன்றுதான், வேப்பெண்ணெயும் ஒன்றுதான்.

யாரிடமும் அவள் மூச்சு விடவில்லை. சாஸ் கம்பெனியின் சோதனைச் சமையலறையில் ருசி தெரியாதவளுக்கு என்ன வேலை? வேலை போனால் கம்பெனி கொடுத்த வீடும் போகும். பள்ளிக்கூடம் போகிற மகளைக் கையில் பிடித்துக்கொண்டு தெருவில் நிற்க வேண்டியதுதான்.

இன்றைக்குச் செய்ய வேண்டியது என்சிலாடா என்ற மெக்சிகோ நாட்டுப் பலகாரம். வேலை முடிந்து அலுத்துச் சலித்து வருகிறவர்கள் அரை மணியில் செய்து சாப்பிடும்படி, கறி மீன் எதுவும் சேர்க்காமல். புதிய சாஸ் பாட்டிலின் லேபிளில் இந்தச் செய்முறைதான் அச்சாகப் போகிறது.

மெல்லிய சோள ரொட்டியில் வெந்த ராஜ்மாவும் குடைமிளகாயும் வைத்துச் சுருட்டினாள். தட்டில் நெருக்கி அடுக்கி, சாஸை ஊற்றி, சீஸைத் துருவித் தூவி, ஓவனுக்குள் தள்ளினாள். கை பழகிய வேலை, அதுவரைக்கும் பயமில்லை.

பயமெல்லாம் டப்பாக்களிடம்தான். அந்தச் சமையலறையில் எந்த டப்பாவிலும் பெயர் ஒட்டக் கூடாது. தொட்டு நாக்கில் வைத்தால் தெரியாதவனுக்கு இங்கே இடமில்லை என்பது ஆதியிலிருந்தே சட்டம். அவள் இடத்தை வைத்துச் சமாளித்து வந்தாள். இடப்பக்கம் தூள் உப்பு, அரைக் கரண்டி. வலப்பக்கம் தூள் சர்க்கரை, தக்காளியின் புளிப்பை அடக்க மூன்று கரண்டி. இன்றைய சாஸிலும் அப்படித்தான் கலந்திருந்தாள்.

ஓவன் மணி அடித்தபோது பாத்திரம் கழுவும் அக்கா உள்ளே வந்தாள்.

"ஏம்மா, அலமாரி பூரா எறும்பு. காலையில எல்லா டப்பாவையும் இறக்கித் துடைச்சு வச்சிருக்கேன், நீ கண்டுக்கவே இல்லையே."

சமையல்காரி சட்டென்று அலமாரியைத் திரும்பிப் பார்த்தாள். "இருந்த இடத்துலயேதானே வச்சீங்க அக்கா?"

"எல்லாம் ஒரே மாதிரி டப்பா. எது எங்க இருந்தா என்ன, நீதான் நக்கிப் பாத்துப் போடுவியே."

இதில் உப்பு எது என்று ஒரு சமையல்காரி யாரிடம் போய்க் கேட்பாள்? திருடனுக்குத் தேள் கொட்டிய கதைதான். "ஒரு வாய் சாப்பிட்டுப் பாருங்கக்கா" என்று தட்டை நகர்த்துவதற்குள் தராசு வந்துவிட்டார். கம்பெனியின் தலைமை ருசி அதிகாரிக்கு முதுகுக்குப் பின்னால் அதுதான் பெயர்.

தராசுக்கு ஒரு பழக்கம். சமைத்தவரும் அவரோடு சேர்ந்து ஒரு வாய் சாப்பிட வேண்டும். வாயில் வைத்ததும் தட்டைப் பார்க்க மாட்டார். எதிரே மெல்லுகிற முகத்தையே வைத்த கண் வாங்காமல் பார்ப்பார். போன வாரம் ஒருவன் முகத்தை லேசாகச் சுளித்தான். அன்றைக்கே அவனைக் கணக்கு முடித்து அனுப்பிவிட்டார்.

இருவரும் ஆளுக்கு ஒரு துண்டு எடுத்தார்கள். அவள் சிரித்த முகம் மாறாமல் மென்று விழுங்கினாள்.

தராசு பார்த்தார். இன்னொரு துண்டு எடுத்தார். பிறகு ஒரு முழுச் சுருளையே காலி செய்தார்.

"பிரமாதம். லேபிளுக்கு இதுவே போகட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. டப்பாக்கள் இடம் மாறவில்லை போலிருக்கிறது. மகளுக்கு ஒரு சுருளை எடுத்து வைக்கலாமா என்றுகூட யோசித்தாள்.

தட்டில் மிச்சமிருந்ததைக் கிள்ளி வாயில் போட்ட அக்கா, குழாயடிக்கு ஓடினாள். துப்பிவிட்டு, வாயைக் கொப்பளித்துவிட்டுத் திரும்பினாள்.

"என்னம்மா இது, கடல் தண்ணியிலயா செஞ்ச? மனுஷன் வாயில வைக்க முடியுமா இத? அவரு எப்படி முழுசாத் தின்னாரு?"

அதுதான் அவளுக்கும் புரியவில்லை. புரியாததால் பயம் இரண்டு மடங்கானது. பூனை எலியை உடனே கொல்லாது, விளையாடிவிட்டுத்தான் கொல்லும்.

சுவரிலிருந்த போன் அடித்தது. அக்கா எடுத்துக் கேட்டுவிட்டு வைத்தாள். "உன்னைத்தான் ரூமுக்கு வரச் சொல்றாரு. தனியா வரணுமாம்."

நடைபாதை முழுவதும் அவள் கண்ணில் நின்றது மகளின் முகம்தான். இன்று ராத்திரி அவளிடம் என்ன சொல்வது? எந்தச் சொந்தக்காரர் வீட்டுக் கதவைத் தட்டுவது?

அறையில் தராசு ஒரு சொம்புத் தண்ணீரை மடமடவென்று குடித்துக்கொண்டிருந்தார். அவள் உள்ளே வந்ததும் எழுந்துபோய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார்.

"சாப்பிட்டதுலேர்ந்து தாகம் அடங்கல. உண்மையைச் சொல்லு, அதுல உப்பு எப்படி இருந்துச்சு?"

அவள் உடைந்துபோனாள். "தெரியாம நடந்துபோச்சுங்க ஐயா. வேலையை விட்டு மட்டும் அனுப்பிடாதீங்க. சின்னப் பொண்ணை வச்சுக்கிட்டு நான் எங்க போவேன்?"

தராசு பதறிப்போய்க் கதவைப் பார்த்தார். நெற்றி வியர்த்திருந்தது. அவள் பக்கம் குனிந்தார்.

"மெதுவாப் பேசும்மா. எனக்கு ருசி தெரியாமப் போயி ரெண்டு வருஷமாச்சு."