வறுத்த மாவு

"இதுவும் போச்சு, எலிகியோ! வேரைப் பாருங்க, துடைப்பக் குச்சி தேவலை."

காய்ந்த ரோஜாச் செடியை எலிகியோவின் நாற்றுப் பண்ணை மேசைமேல் தொப்பென்று போட்டாள் நெரெய்தா. பயாமோ நகரத்தில் சனிக்கிழமை ரொட்டி வராமல் போகலாம், மின்சாரம் வராமல் போகலாம். நெரெய்தாவின் செத்த செடி மட்டும் வராமல் போனதில்லை. ஏழு மாதமாக இதே கூத்து.

எலிகியோ அந்தச் செடியை ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை. குற்றமுள்ள நெஞ்சு.

"பூஞ்சை மாவைக் குழைச்சுப் பூசினீங்களா?" என்றான், மேசையைப் பார்த்தபடி.

"கூழ் பதத்துக்குக் குழைச்சு, வேரை முக்கியெடுத்து, அப்புறம்தான் நட்டேன். எல்லாம் நீங்க சொன்னபடிதான்."

வரிசையில் நின்ற பெல்கிஸுக்கு வாய் சும்மா இருக்குமா? "ஏண்ணே, எனக்கும் அதே மாவுதானே குடுத்தீங்க? என் கொய்யா கூரையைத் தொடுது. இவ கை மட்டும் என்ன கொள்ளிக்கட்டையா?"

"ராசி இல்லாத கை, விடு," என்று நெரெய்தா சிரித்தாள். பிறகு எலிகியோவிடம், "கடலுக்கு அந்தாண்ட வலென்சியாவுலேர்ந்து மக நேத்தும் ஃபோன் பண்ணிட்டா. 'எப்பம்மா வர்றே'ன்னு ஒரே பாட்டு. கட்டாந்தரையைக் காட்டினா வீட்டை எவன் வாங்குவான்? தோட்டம் வேர் பிடிக்கட்டும், மறுநாளே வித்துட்டு விமானம் ஏறிடறேன்னு சொல்லிருக்கேன்," என்றாள்.

எலிகியோ பயந்தது இந்தப் பேச்சுக்குத்தான். அந்த மாவு பாதி மண்; அதிலுள்ள பூஞ்சை, புதுச் செடியின் வேரைப் பற்றிக்கொண்டு மண்ணுக்குள் நூல் நூலாக ஓடும். வேருக்கு எட்டாத ஈரத்தையும் சத்தையும் இழுத்துவந்து ஊட்டும். ஊட்டினால் செடி பிழைக்கும். செடி பிழைத்தால் நெரெய்தா போய்விடுவாள்.

ஆகவே, ஐம்பத்தெட்டு வயதான அந்த மனுஷன், வெள்ளிக்கிழமை தோறும் அவளுடைய பங்கு மாவை மட்டும் வாணலியில் போட்டு வறுத்துக்கொண்டிருந்தான். வறுபட்ட பூஞ்சை எந்த வேரைப் போய்ப் பிடிக்கும்?

தெருமுனையில் டொமினோ ஆடும் கும்பல் புகையைப் பார்த்துவிட்டுக் கேட்கும்: "காபிக்கொட்டை கண்ணுல படாத ஊர்ல என்னத்தைடா வறுக்கிறே?"

"மண்ணை," என்பான். உண்மையைச் சொன்னால் யார் நம்புகிறார்கள்? கைகொட்டிச் சிரிப்பார்கள்.

அன்று புதுச் செடியையும் மாவுப் பொட்டலத்தையும் வாங்கிக்கொண்ட நெரெய்தா உடனே கிளம்பவில்லை. பெல்கிஸ் தலை மறையும் வரை காத்திருந்தாள்.

"சோத்தைப் போட்டுக்கிட்டுச் சுவத்தோட பேசறேன், எலிகியோ. எத்தனை நாளைக்குத்தான் அப்படி?" என்று சொல்லிவிட்டு, விடுவிடுவென்று போய்விட்டாள்.

அந்த ஒரு வார்த்தை அவனைக் குடைந்துவிட்டது. வாரத்தில் கால்மணி நேரம் அவள் முகத்தைப் பார்ப்பதற்காக, அவளைச் சுவரோடு பேச வைத்துவிட்டானே பாவி! பெற்ற மகள் கூப்பிடுகிறாள், போகட்டுமே. சனிக்கிழமைகள் இல்லாமல் எப்படி இருப்பது என்பது அவன் கவலை.

மறுநாள் காலை, வறுக்காத மாவை ஒரு டப்பா நிறைய எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்கே போனான். ஏழு மாதத்தில் அந்தப் பக்கம் தலைவைக்கத் துணிந்தது இதுதான் முதல் தடவை. டொமினோ கும்பல் ஆட்டத்தை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தது.

வீட்டின் முன்புறம் அவள் சொன்னபடியே கட்டாந்தரை. கதவைத் திறந்த நெரெய்தாவுக்கு முகம் வெளுத்துவிட்டது.

"நீங்களா! சொல்லாம கொள்ளாம..."

"இதைப் போடுங்க," என்று டப்பாவை நீட்டினான். "இது பிடிக்கும். இத்தனை நாள் குடுத்தது எல்லாம் செத்த மாவு. வாணலியில போட்டு வறுத்தேன். வேணும்னேதான்."

"வறுத்தீங்களா? எதுக்கு?"

"செடி பிடிச்சிட்டா நீங்க போயிடுவீங்கல்ல. அதான்." வாசற்படியைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "இனிமே வறுக்க மாட்டேன். நீங்க மகள்கிட்ட போங்க."

திட்டுவாள் என்று காத்திருந்தான். அவளோ அவன் மணிக்கட்டைப் பிடித்து வீட்டுக்குள் இழுத்தாள். கூடத்தைத் தாண்டி, சமையலறையைத் தாண்டி, கொல்லைக் கதவை உதைத்துத் திறந்தாள்.

கொல்லையில் கிழட்டு மாமரம் ஒன்று. அதைச் சுற்றி ரோஜா, செம்பருத்தி, மல்லிகை என்று அவன் கொடுத்த இருபத்தெட்டுச் செடிகளும் தழைத்திருந்தன; முதலில் நட்டவை இடுப்பளவு வளர்ந்து, கொத்துக் கொத்தாகப் பூத்து நின்றன. இத்தனை வருஷம் மாமரம் நின்ற மண்ணில் அந்தப் பூஞ்சை தானாகவே ஊறிக்கிடக்கும், அவன் மாவுக்கு அங்கே வேலையே இல்லை. ஊருக்கெல்லாம் பூஞ்சைப் பாடம் எடுப்பவனுக்கு இது தோன்றாமல் போயிற்று.

"அப்போ... வாராவாரம் கொண்டுவந்தீங்களே, அந்தச் செத்த செடிங்க?"

"கல்லறைத் தோட்டத்துக் குப்பைமேட்டுல பொறுக்கினது," என்றாள் நெரெய்தா, பிடித்த கையை விடாமல். "சாயங்காலம் மக ஃபோன் பண்ணுவா. நீயும் ஒரு வார்த்தை சொல்லு, இன்னும் ஒண்ணுகூட வேர் பிடிக்கலைன்னு."