சாட்சி நட்சத்திரம்

மாலை வகுப்பில் எங்களுக்குப் பாடம் எடுக்கும் செண்பகா அக்கா, தொலைதூரக் கேலக்ஸி ஒன்று மங்குவதையும் ஒளிர்வதையும் வருடக்கணக்கில் தொலைநோக்கிப் படங்களில் அளந்து ஆய்வேடு எழுதி முடித்திருந்தார். திங்கட்கிழமை சமர்ப்பிக்க வேண்டும். கேலக்ஸியின் ஒளியை, படத்தில் அதன் பக்கத்திலிருக்கும் ஒளி மாறாத நட்சத்திரம் ஒன்றோடு ஒப்பிட்டுத்தான் அளப்போம். வகுப்பில் அதற்குச் சாட்சி என்று பெயர். கடைசிப் படங்களை மறுபடி அளந்து சரிபார்க்கும் வேலை எனக்கு வந்தது. என் கணக்கை நான் நம்புவதில்லை. அதனால் இன்று சாட்சியையும் சுற்றியுள்ள மற்ற நட்சத்திரங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். கேலக்ஸி ஒரே சீராக இருந்தது; ஏறி இறங்கியது சாட்சி. பழைய படங்களை எடுத்துப் பார்த்தேன். அவற்றிலும் அப்படித்தான்.

"அக்கா, நான் எங்கயோ தப்புப் பண்ணிட்டேன்னு நினைக்கிறேன்."

"நீ தப்புப் பண்ணாத நாளு எதுடீ?" என்றபடி டீ கிளாஸோடு வந்தார். திரையைப் பார்த்தார். சிரிப்பு முகத்திலேயே நின்றுவிட்டது. கிளாஸை மேசையில் வைப்பதாக நினைத்து, மேசைக்கு வெளியே விட்டார். அது உடைந்த சத்தத்துக்குக்கூட அவர் குனியவில்லை.

"சாட்சியேவா?"

"ஆமாக்கா."

என் மணிக்கட்டை இறுகப் பிடித்தார்.

"நீ எப்பவும் தப்பாத்தானே போடுவ. இதுவும் தப்புன்னு சொல்லிடேன்டீ."

வாயைத் திறந்தேன். என்னிடம் எப்போதும் தயாராக இருக்கும் 'தப்பு' என்ற அந்தச் சொல் வரவில்லை.