மூன்று சுற்றுப் பெட்ரோல்

ரேஸ் முடிந்து கொடியை ஆட்டியாகிவிட்டது. முதலாவதாக வந்துவிட்டான். மற்ற கார்கள் ஒவ்வொன்றாக, சமர்த்தாக, உள்ளே திரும்பிவிட்டன.

இவன் மட்டும் திரும்பவில்லை.

உள்ளே போகிற வழியில், பழைய டயர் அடுக்குக்குப் பக்கத்தில், இரண்டு காக்கிச் சட்டைகள். கோப்பை வாங்கப் போகிறவனைப் பார்க்க வந்தவர்கள் நிற்கிற நிற்பு அல்ல அது.

இன்னொரு சுற்று போனான்.

டேங்கில் மூன்று சுற்றுக்குத்தான் இருக்கும். மெதுவாகப் போனால் இழுத்துப்பிடித்து நான்கு. கோயமுத்தூரிலேயே வேகமானவன் என்று பெயர் வாங்கியவன், மொபெட்டில் தேங்காய் மூட்டை கொண்டுபோகிற ஆள் மாதிரி உருட்டிக்கொண்டு போனான்.

தடுப்புச் சுவரை ஒட்டி எதிர்வீட்டுச் சாந்தாமணியக்கா. கைதட்டிக்கொண்டிருந்தாள்.

சும்மா சொல்லக் கூடாது. நம் வீதியில் இவனுக்காக ரேஸ் பார்க்க வருகிற ஒரே ஆள் அவள்தான். மற்றவர்கள் எல்லாம், லேத் பட்டறைக்காரர் மகனுக்குக் கார் ரேஸ் எங்கிருந்து கட்டுப்படியாகிறதாம் என்று கேட்பதோடு சரி.

கேட்டதில் தப்பே இல்லை.

கழுத்துகளிலிருந்து கட்டுப்படியானது.

பைக்கில் போவான். நடந்துபோகிற பெண்ணின் சங்கிலியை அறுப்பான். ஆக்ஸிலேட்டரை முறுக்குவான். அடுத்த ரேஸுக்குப் புது டயர் வந்துவிடும்.

ஐந்தாவது கழுத்து, தள்ளுவண்டியில் குனிந்து கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தது. கை இழுத்த பிறகுதான் அது திரும்பியது.

சாந்தாமணியக்கா.

ஹெல்மெட் போட்டிருந்ததால் தப்பினான். சங்கிலியை அங்கேயே போட்டுவிட்டும் போயிருக்கலாம்.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை ரேஸ்.

சங்கிலி போன அன்று சாயந்திரம் அவளைப் போலீஸ் ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போனவனும் இவனேதான். காரில். முப்பதைத் தாண்டாமல்.

"மூஞ்சி தெரியலீங்க. கண்ணு மட்டும் பார்த்தனுங்க," என்றாள் இன்ஸ்பெக்டரிடம். "திருடற கண்ணாட்டமே இல்லீங்க. பயந்த கண்ணு."

பக்கத்து நாற்காலியில் இவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கடைசியில் மாட்டிவிட்டது கண் அல்ல. வளைவு.

சங்கிலி அறுக்கிறவன் எவனும் ஓரமாக ஒட்டித் திரும்பி ஓடுவான். தெருமுனைக் கேமராவில் இவன் சாலையின் அந்தக் கோடிவரை விலகி, மூலையை உரசி, மறுபடி அந்தக் கோடிக்குப் போயிருக்கிறான். ரேஸில் திரும்புகிற மாதிரியே, ஐந்து தடவையும். கோணலாகத் திரும்ப இவனுக்கு வராது.

நேற்று வாசலில் வைத்து அவளே சொன்னாள். "உன்னையாட்டமே திருப்பறானாமா சாமி. எவனோ ரேஸ்காரன்னு சொல்றாங்க."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். இவனும் சிரித்துவைத்தான்.

அதற்குப் பிறகும் இன்று வந்தான். வேறு யாராவது என்றால் நேற்றே கேரளா பக்கம் பஸ் ஏறியிருப்பார்கள். இவனுக்கு ரேஸ் ஆயிற்றே.

இரண்டாவது சுற்று. சாந்தாமணியக்கா பக்கத்தில் இன்ஸ்பெக்டர். குனிந்து ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். அவள் கைதட்டிக்கொண்டுதான் இருந்தாள், கொஞ்சம் மெதுவாக.

மூன்றாவது சுற்று.

கைதட்டல் இல்லை. ஒரு கை கழுத்தில்.

காக்கிக்குப் பயந்துதான் சுற்றினான் என்று வீதியில் இன்றும் சொல்கிறார்கள். சொல்லட்டும். அந்தச் சுவரைக் கடக்கும்போது அவன் காக்கிகள் பக்கம் திரும்பவே இல்லை.

கடைசி வளைவில் என்ஜின் இருமியது. இருமியபடியே அந்தக் கோடிக்கு விலகினான். மூலையை உரசினான். வெளியே வந்தான்.

எவ்வளவு சுத்தம்.

இன்ஸ்பெக்டர் தனக்குத்தானே தலையாட்டிக்கொண்டார்.

பிறகு சத்தமே இல்லை. கார் தானாக உருண்டு, உருண்டு, சுவருக்கு முன்னால் நின்றது.

காக்கிகள் வந்து சேர்வதற்குள் அவள் வந்துவிட்டாள். குனிந்தாள், தள்ளுவண்டிக்குக் குனிந்த மாதிரியே. ஹெல்மெட்டின் கண்ணாடியை அவளே மேலே தூக்கினாள்.

பார்த்தாள்.

அவனும் பார்த்தான். வேறெங்கே பார்ப்பது, பெல்ட்டில் கட்டிக் கிடக்கிறான்.

பின்னால் இன்ஸ்பெக்டர் செருமினார்.

"கண்ணு இதுதானுங்களாம்மா?"

சாந்தாமணியக்கா கண்ணாடியைப் பழையபடி கீழே இறக்கினாள். மெதுவாக. தூங்குகிறவன்மேல் போர்வையை இழுத்துவிடுவதுபோல.

"வெயிலுங்க. கண்ணு தெரியலீங்க," என்றாள்.