இரண்டு கரண்டி சம்பல்

"சென்ற ஆண்டு இதே நாளில் நீங்கள் பதிவிட்டது" என்று ஃபேஸ்புக் நினைவுபடுத்தியதும் எனக்கு வியர்த்துவிட்டது.

வெள்ள நிவாரண மையத்தில் தேங்காய்ப்பால் சோறும் துளி மிளகாய்ச் சம்பலும் வைத்த தட்டோடு நிற்கும் ஒருவரின் படம். அதன் கீழே என் கைவரிசை: "வீடே மூழ்கிப்போச்சாம். ஆனாலும் பாஸுக்கு நாசி லெமாக்ல சம்பல் பத்தலையாம்!"

ஐந்நூறு பேர் சிரித்திருந்தார்கள். உஷாராணி என்ற ஒரு பெண் மட்டும் மல்லுக்கு நின்றிருந்தாள்.

"வீட்ட இழந்தவங்கள வெச்சு என்ன காமெடி அண்ணே? அவங்களுக்கும் நாக்கு இருக்குல்ல?"

"ஜோக்க ஜோக்கா பாருங்க லா. ஓசிச் சோத்துல குறை சொன்னா சிரிக்கத்தான் செய்வாங்க. சிரிக்கத் தெரியாதவங்க இங்க வராதீங்க, சிஸ்டர்!"

என்னுடைய இந்தப் பதிலுக்கும் இருநூறு லைக்.

பதிவை அழிக்க முயன்றேன். இணையம் சுற்றிக்கொண்டே இருந்தது.

"ஃபோன உள்ள வைங்க, நம்ம டர்ன் வந்துருச்சு," என்றாள் என் மனைவி வாணி.

வரிசையில் நகர்ந்து தட்டை நீட்டினேன். நேற்று எங்கள் வீட்டுக்குள் இடுப்பளவு வெள்ளம் புகுந்தது. கிள்ளானில் இந்தப் பள்ளி மண்டபம்தான் இப்போது எங்களுக்கு வீடு.

சோறு போட்ட தொண்டூழியரின் கழுத்து அட்டையைப் பார்த்தேன். உஷாராணி. ஃபேஸ்புக்கில் அவள் பெயருக்குப் பக்கத்தில் இருந்த அதே முகம்.

தலையைக் குனிந்துகொண்டேன்.

"வெறும் சோறு எப்படிண்ணே இறங்கும்?" என்றபடி இரண்டு கரண்டி சம்பல் வைத்தாள். "பத்தலன்னா வெட்கப்படாம கேளுங்க. இங்க யாரும் சிரிக்க மாட்டாங்க."