மூன்று பட்டம், ஒரு சத்தம்

கர்ர்ர்ர்... தொம்.

விளக்கு வைத்துக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும். கீழே, பின்பக்க அறையிலிருந்து வந்தது. கனமான எதையோ தரையில் இழுத்துக்கொண்டு போய்ப் போட்ட மாதிரி. அதற்கப்புறம் ஒரு சத்தமும் இல்லை.

ஏழு மாதக் குழந்தை தேஜஸ்ரீயை இறுக்கி அணைத்துக்கொண்டேன். இதோடு நாலாவது நாள்.

அந்த அறை முன்பு எங்கள் பனியன் கம்பெனியின் துணி குடோன். கம்பெனி புது இடத்துக்குப் போனதும் வெள்ளையடித்து வாடகைக்கு விட்டோம். பதினைந்து நாளுக்கு முன்பு தேனிப் பக்கத்திலிருந்து ஒரு ஜோடி வந்தது. காசிமாயனுக்குச் சாயப்பட்டறையில் நைட் ஷிப்ட். சித்ரகலாவுக்குப் பகலில் வேறொரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை.

"மூட்டை இழுக்கிற சத்தமுங்க அண்ணி. வேலை பாக்கிற இடத்துல துணியத் திருடிட்டு வந்து ஒளிச்சு வெக்கறாங்க," என்றான் கொழுந்தன் முருகவேல். பி.காம். வாடகைக்கு ஆள் வைப்பதும் அனுப்புவதும் அவன் பொறுப்பு. "ஞாயித்துக்கிழமை காலி பண்ணச் சொல்லிப் போடறேன். தீந்துது."

நான் எம்.எஸ்சி. பிசிக்ஸ். "மோட்டார் நின்னதும் குழாயில காத்து அடைச்சா இப்படிச் சத்தம் வரும்," என்று காரணம் சொன்னேன்.

"அந்நேரத்துக்கு மோட்டாரே ஓடறதில்லீங்களே அண்ணி."

காரணம் போய்விட்டது. பயம் மட்டும் மிச்சம்.

என் கணவர் மகுடேஸ்வரன் காலேஜில் புள்ளியியல் பேராசிரியர். பிஎச்.டி. அவர் இரண்டையும் ஒத்துக்கொள்ளவில்லை.

"நாலு நாள் டேட்டாவ வெச்சு ஒரு முடிவுக்கும் வரக்கூடாது அம்மிணி. நேரத்தைக் குறிச்சுட்டு வா."

"ஏனுங்க, பேசாம அந்தப் பொண்ணையே கேட்டுட்டா?"

"கேட்டா அவங்க உஷாராயிடுவாங்க. டேட்டாவே கெட்டுப் போயிடும்."

ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு தாள் ஒட்டினார். ஏழு பத்து. ஏழு பன்னிரண்டு. ஏழு எட்டு. எழுதும்போதெல்லாம் எனக்கு, ஆளைக் கொன்று இழுத்தால் இப்படித்தான் கேட்குமோ என்று ஒரு நினைப்பு. இதை எந்தக் கட்டத்தில் குறிப்பது?

சனிக்கிழமை. அவர் பேப்பர் திருத்தக் கோவை போயிருந்தார். முருகவேலுக்குக் கம்பெனியில் ஷிப்மென்ட் வேலை. வீட்டில் நானும் குழந்தையும்.

கர்ர்ர்ர்... தொம்.

மேலே உட்கார்ந்து பயப்படுவதைவிடப் போய்ப் பார்த்துவிடலாம் என்று தோன்றிவிட்டது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு, டார்ச்சோடு இறங்கினேன். கதவைத் தட்டினேன்.

உள்ளே பாத்திரம் ஒன்று உருண்டது.

"ஏங்க, எந்திரிங்க. யாரோ கதவத் தட்டுறாங்க. அந்த அருவாள எடுத்துட்டு வாங்க." சித்ரகலாவின் குரல்.

குழந்தையோடு இரண்டு அடி பின்னால் நகர்ந்தேன்.

ஆனால் காசிமாயன் ஆறு மணிக்கே சைக்கிளில் வேலைக்குப் போனதைப் பால்கனியிலிருந்து பார்த்திருந்தேனே? இவள் யாரை எழுப்புகிறாள்?

"சித்ரகலா, நான்தான்மா. மேல் வீட்டு அக்கா."

கதவுக்குப் பின்னாலிருந்து, "பாப்பாவும் வந்திருக்கா?"

தேஜஸ்ரீ சிணுங்கினாள். அதைக் கேட்ட பிறகுதான், கர்ர்ர்ர்.

கதவு திறந்தது. உள்ளே வேறு யாரும் இல்லை. கதவருகே ஒரு நீல டிரம், கழுத்துவரை தண்ணீர்.

டார்ச்சைக் கதவின் மேல் அடித்தேன். வெளிப்பக்கம் பெரிய கொண்டி, பூட்டு மாட்டும் வளையம். உள்பக்கம் ஒன்றுமே இல்லை. குடோன் கதவு. துணிக்கு வெளியே பூட்டினால் போதும்.

"இந்த வாரம் ரெண்டு தடவ யாரோ கதவத் தள்ளிப் பாத்தாங்கக்கா. அதான் இருட்டுனதும் டிரம்ம முட்டுக் குடுத்துருவேன்."

நான் படித்த கான்வென்ட் விடுதியில் இருட்டியதும் சிஸ்டர் ஒவ்வொரு அறையாகத் தட்டி, "உள்ளே தாழ் போட்டாச்சா?" என்று கேட்பது நினைவுக்கு வந்தது.

தெரு முக்கில் இருந்த ஹார்டுவேர் கடை இன்னும் சாத்தவில்லை. தாழ்ப்பாளும் திருப்புளியும் வாங்கி வந்தேன். சித்ரகலா தேஜஸ்ரீயை இடுப்பில் வைத்துக்கொண்டு டார்ச் பிடித்தாள்.

"எம்மெஸ்ஸியில இதெல்லாங்கூடச் சொல்லித் தருவாங்களாக்கா?"

"சொல்லித் தந்தா இப்படிக் கோணலா மாட்டுவேனா?"

சிரித்தாள். பிறகு மெதுவாக, "நாளைக்கு எங்கள காலி பண்ணச் சொல்லப் போறாங்களாமே. நெசமாக்கா?"

"யாரும் காலி பண்ண வேண்டாம். நான் சொல்லிக்கறேன்." கடைசித் திருகாணியை முடுக்கினேன். "இதை முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னேனேக்கா. வந்தன்னைக்கே சின்ன சார்ட்ட சொன்னேன். பாத்துட்டுதான அட்வான்ஸ் குடுத்தீங்கன்னாரு. பெரிய சார்ட்ட சொன்னேன். இதுவரைக்கும் இங்க எத்தன திருட்டு நடந்திருக்குன்னு திருப்பிக் கேட்டாரு."

"அவங்க கிடக்கறாங்க. என்கிட்ட வந்திருக்கலாம்ல?"

அவள் குழந்தையை என் கையில் தந்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"மாடியில துணி எடுக்கையில உங்கட்டயுந்தான்க்கா சொன்னேன். கேட்டுல பூட்டு இருக்கு, தெருவுல லைட்டு இருக்கு, பயப்படறதுக்கு ஒரு காரணமும் இல்லன்னு ரொம்ப நேரம் வெளக்குனீங்க."

நான் வாசலுக்கு வெளியே வந்தேன்.

"பாத்துப் போங்கக்கா. படி இருட்டா இருக்கு."

கதவைச் சாத்தினாள். உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.