சிவப்பு அட்டை

செவ்வந்தி பட்டும் படாமலும்தான் தொட்டாள். கழுத்து முறிந்து, தலையோடு அவள் காலடியில் வந்து விழுந்தது. பதறிப் பின்வாங்கியவள், அந்தக் கழுத்தின் மேலேயே கால் வைத்துவிட்டாள்.

நொறுங்கிய சத்தம் கேட்டுச் சட்டென்று காலைத் தூக்கினாள்.

அவள் கணவன் தனகோட்டி சுரங்கத்தில் ஃபிட்டர். அங்கே மண்ணை வாரும் ராட்சத மெஷினைத்தான் பிளாஸ்டிக் குழாயும் தகடும் வைத்து, பின்னறை மேசையில் முழ உயரத்துக்குக் கட்டி நிறுத்தியிருந்தார். முன்னால் நீண்டு, பல்சக்கரத்தைத் தாங்கும் விரல் தடிமன் குழாய் இப்போது தரையில் நார் நாராகக் கிடந்தது. நாளை ஆயுத பூஜை. செக்‌ஷனில் எல்லார் முன்னாலும் அதை வைத்துப் படைப்பதாக அவர் சொல்லியாகிவிட்டது.

மேசை விளிம்பில் சிவப்பு அட்டை ஒன்று தொங்கியது. ‘ஆள் வேலை செய்கிறார், தொடாதே’ என்ற அச்சுக்குக் கீழே பேனாவால் அவர் பெயர். பழுது பார்க்கிற மெஷினில் அந்த அட்டை தொங்கினால், யாராக இருந்தாலும் கை வைக்கக்கூடாது. மாட்டியவரே வந்து கழற்ற வேண்டும். அந்தச் சட்டத்தை அவர் வீட்டுக்கும் கொண்டு வந்துவிட்டார். காபி கொடுக்கக் கதவைத் தள்ளியதற்கே, போன மாதம் ஒரு வாரம் அவளோடு பேசவில்லை. இன்றைக்குக்கூட, அவருடைய கருவிகளுக்குச் சந்தனம் வைக்கலாமே என்றுதான் உள்ளே வந்தாள்.

சந்தனம் இரவல் கேட்டு வந்த பக்கத்து குவார்ட்டர்ஸ் ஆதிலட்சுமி, பின்னறை வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

“என்னாக்கா இது, கழுத்த ஒடிச்சி வச்சிருக்க? ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் பஸ்சு வர்ற நேரமாச்சி.”

“தெரிஞ்சா ஒடிச்சேன்? தொட்டதும் வுழுந்துடுச்சி.”

“அண்ணன் சாமியாடப் போறாரு. பேசாம துணிய எடுத்துக்கினு எங்க வூட்டுக்கு வந்துடு” என்று சொல்லி, சந்தனத்தையும் மறந்துவிட்டுப் போனாள்.

மேசை மேலிருந்த குழாய் பாக்கெட்டில் ஒரே ஒரு முழுக் குழாய் மிச்சமிருந்தது. அதில் கை வைக்கத் துணிவில்லாமல், மேசைக்கடியில் இருந்த பிஸ்கட் டின்னைத் திறந்தாள். உள்ளே கழித்துப் போட்ட குழாய்த் துண்டுகள் விளிம்பு வரை கிடந்தன. ஒன்றுகூடத் தப்பாமல் அத்தனையின் முனையும் கோணல். இத்தனையைக் கழித்துவிட்டுத்தான் ஒன்றைத் தேறவிடுவார் போலிருக்கிறது என்று நினைத்தபோது, அவளுக்குப் பயம் இன்னும் கூடியது. இவ்வளவு கறாரான மனுஷன் கண்ணுக்கு நம் வெட்டு தப்புமா?

ஒரு துண்டை எடுத்துக் கத்தரிக்கோலால் நறுக்கினாள். வாய் சப்பிப்போனது. அரிவாள்மனையில் வைத்தாள், விரிசல் விட்டது.

பிறகு சுவரைப் பார்த்தாள். மாதம் ஒன்றாகப் பார்சலில் வந்த வெட்டுக் கருவிகள் வரிசையாகத் தொங்கின. குழாயைக் கவ்விக்கொண்டு சுற்றும் உருளைக் கத்தியை முதலில் எடுத்தாள். அது வெட்டியது, ஆனால் விளிம்பை உள்பக்கமாக மடக்கிவிட்டது. ப்ளேடு கத்தி பாதியில் வழுக்கிக்கொண்டு போனது.

மூலையில் தூசி படிந்து ஒரு சின்ன ரம்பம் கிடந்தது. பல் இருப்பதே தெரியாத அளவுக்கு நெருக்கமான பல். முதன்முதலில் வாங்கியது அதுதான். ‘கோணலா வெட்டுது, ஒண்ணுத்துக்கும் ஆவாது’ என்று கடைக்காரனுக்கு ஃபோன் போட்டுத் திட்டிவிட்டு, அவரே அதை அங்கே வீசியிருந்தார்.

வேறு வழியில்லை. குழாயைச் சுற்றி ஒரு காகிதப் பட்டியை, ஜாக்கெட் கைக்குப் பட்டி வைப்பது போல, விளிம்போடு விளிம்பு பொருந்த ஒட்டினாள். அந்த ஓரத்தை ஒட்டியே, அழுத்தாமல், குழாயைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பித் திருப்பி அறுத்தாள். துண்டு தனியே வந்தது. மேசையில் நிறுத்தினால் ஆடாமல் நின்றது.

மூச்சை அடக்கிக்கொண்டு முழுக் குழாயில் ரம்பத்தை வைத்தாள்.

சக்கரத்தை மாட்டிப் பசை வைத்துக்கொண்டிருந்தபோது தெருமுனையில் பஸ் திரும்பியது. பிசிறை முந்தானையில் வாரிக்கொண்டு சமையலறைக்கு ஓடினாள். தனகோட்டி செருப்பைக் கழற்றினார், கை கால் கழுவினார், பின்னறைக்குப் போனார்.

“செவ்வந்தி.”

தலையைக் குனிந்துகொண்டு போய் நின்றாள். அவர் புதுக்குழாயின் இணைப்பைக் கட்டைவிரலால் சுற்றித் தடவிக்கொண்டிருந்தார். யார் வெட்டியது என்று கேட்டார். தொட்டது, விழுந்தது, மிதித்தது எல்லாவற்றையும் ஒரே மூச்சில் ஒப்பித்தாள்.

“எதுல வெட்டுன?”

மூலையில் இருந்த ரம்பத்தைக் காட்டினாள்.

“அதுலயா?”

“ஆமாங்க. அது நல்லாத்தான் வெட்டுது.”

தனகோட்டி முக்காலியில் மெல்ல உட்கார்ந்தார். சுவரில் தொங்கிய கருவிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார், டின்னில் கிடந்த தம் கோணல் துண்டுகளையும் பார்த்தார். பிறகு சிவப்பு அட்டையைக் கழற்றி, எச்சில் தொட்டுத் தம் பெயரை அழுத்தித் தேய்த்து அழித்தார். எல்லாவற்றையும் அள்ளி வெளியே வீசப் போகிறார் என்று செவ்வந்தி சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

அவர் அட்டையையும் பேனாவையும் அவள் பக்கம் தள்ளினார்.

“உம் பேர நீயே எழுதிக்க. எனக்குக் கை ஆடுது.”