பொம்மை விழுந்த மாதிரி

மானிட்டரில் அந்தப் பெண் மறுபடியும் விழுந்தாள்.

கோபுரத்தின் உச்சியிலிருந்து, தலைகீழாக, கைகளை விரித்து. கண் இமைக்கவே இல்லை. அவளுக்குக் கீழே நியான் விளக்குகள் எரியும் ஏதோ ஓர் எதிர்கால நகரம்.

பழைய கார்ட்டூன் படம். அதில் அவள் பாதி மனுஷி, பாதி இயந்திரம். இப்போது நிஜ ஆட்களை வைத்து அதையே திரும்ப எடுக்கிறார்கள். நாயகிக்குப் பதிலாக விழ வேண்டியவள், மானிட்டர் முன்னால் நிற்கும் இவள்.

“அந்தக் கையைப் பாரும்மா. எனக்கு அப்படியே வேணும்,” என்றார் இயக்குநர்.

வரைந்தவனுக்குப் பென்சில் போதும். விழுகிறவளுக்குக் கழுத்து வேண்டும். இதை யாரிடம் போய்ச் சொல்வது.

நான்கு டேக் வீண். ஒவ்வொரு முறையும் வயிறு தொண்டைக்கு ஏறியது. பாதி வழியில் கைகள் வந்து தலையை மூடிக்கொண்டன. அவள் மூடவில்லை. பயம் மூடியது.

“பொம்மை பயப்படலையே. உனக்கென்ன?”

ஐந்தாவது முறை கைகள் விரிந்தபடியே இருந்தன.

தரைக்கு மேலே ஓர் ஆள் உயரத்தில் கயிறு அவளை நிறுத்தியது. எல்லோரும் கை தட்டினார்கள். இயக்குநருக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

“இன்னொண்ணு எடுத்துருவோம். சேஃப்டிக்கு.”

ஏறினாள்.

நான்கு மாடி உயரம். பச்சைத் துணி போர்த்திய இரும்பு மேடை. விளிம்பில் நின்று கீழே பார்த்தாள்.

ஒன்றும் ஆகவில்லை.

வயிறு சும்மா இருந்தது. நெஞ்சும் சும்மா இருந்தது. பஸ்ஸுக்கு நிற்கிற மாதிரி நின்றுகொண்டிருந்தாள்.

கூட வேலை பார்த்த ரெஜினா ஞாபகத்துக்கு வந்தாள். எனக்கெல்லாம் பயம் விட்டுப்போச்சுடி என்று சிரித்தவள். மறுவாரமே விழுந்தாள். இன்னும் படுக்கையில்தான் கிடக்கிறாள்.

அதை நினைத்தும் உடம்பு அசையவில்லை.

கயிறு பிடிக்கும் இருதயராஜ் அண்ணன் அவள் இடுப்பில் கொக்கியை மாட்டிக்கொண்டிருந்தார்.

“அண்ணே,” என்றாள் மெல்ல. “எனக்குப் பயமே வரலண்ணே.”

அவர் கை நின்றது. அவள் முகத்தையே பார்த்தார். தோளைப் பிடித்து விளிம்பிலிருந்து உள்ளே இழுத்தார். கொக்கியைக் கழற்றினார்.

பிறகு கீழே எட்டிப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

“ரோப் பிரிஞ்சிருக்கு சார். இன்னைக்கு ஆகாது.”

கீழிருந்து வசவு வந்தது. அந்த ரோப்பை இறக்கு, நானே பார்க்கிறேன் என்று இயக்குநர் கத்துவதும் கேட்டது.

அவள் கயிற்றை வாங்கி விரலால் தடவிப் பார்த்தாள். ஓர் இழைகூடப் பிரியவில்லை. இத்தனை நேரம் அவளைத் தாங்கிய கயிறு.

அவர் அதைத் திரும்ப வாங்கிக்கொண்டார். இடுப்பிலிருந்து சின்னக் கத்தி ஒன்றை எடுத்தார். கீழே இருப்பவர்களுக்குத் தெரியாதபடி முதுகால் மறைத்துக்கொண்டு, நடுக்கயிற்றில் வைத்து அறுக்க ஆரம்பித்தார்.

ஒவ்வோர் இழையாக விட்டுக்கொடுத்தது.

அவளுக்குக் கால் நடுங்கத் தொடங்கியது.